பாயும் எண்ணெயும் விளக்கும்: பக்கத்து ஊர்க் கோயிலின் 950 ஆண்டுக் கணக்கு



சென்ற இதழில் நம்மைச் சுற்றியுள்ள ஏரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை ஒரு வரவு செலவுக் கணக்கு. பயப்பட வேண்டாம், நம் சங்கத்தின் கணக்கு அல்ல. அது பொருளாளரின் பக்கத்தில் இருக்கிறது. இது சுமார் 1068-ஆம் ஆண்டில் கல்லில் வெட்டி வைத்த கணக்கு. அதைப் படித்த பிறகு நம் பொதுக்குழுவில் பேச வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் போய், அங்கிருந்து செங்கல்பட்டு திசையில் திரும்பினால் பழையசீவரம். அதற்கு நேரே, பாலாற்றின் மறுகரையில் இருக்கிறது திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி என்று மூன்று ஆறுகள் கூடும் இடம் என்பதால் அந்தப் பெயர். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

கோயில் சுவரில் மிக நீண்ட ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜேந்திர சோழனின் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. முதலில் வழக்கம்போல அரசனின் போர்ப் புகழ். அதைத் தாண்டினால்தான் நமக்கு வேண்டிய பகுதி: கோயிலுக்கு வரும் வருமானம் என்ன, அது எதெதற்குச் செலவாக வேண்டும் என்ற பட்டியல். பூசை, திருவிழாச் செலவுகளோடு, கோயிலின் ஜனநாத மண்டபத்தில் நடந்த பள்ளிக்கும், மாணவர் தங்கும் விடுதிக்கும், ஆதுலர் சாலைக்கும் ஆகும் செலவும் அதே சுவரில் எழுதப்பட்டிருக்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை.

பள்ளியில் ரிக் வேதம் படிக்கப் பத்துப் பேர், யஜுர் வேதம் படிக்கப் பத்துப் பேர், இலக்கணம் படிக்க இருபது பேர். ஆகமம் சார்ந்த மற்றவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்தால் சுமார் 60 பேர் தங்கிச் சாப்பிட்டுப் படித்திருக்கிறார்கள். இவர்களுக்கு அரிசி, காய்கறி என்று நிறுத்திவிடவில்லை. படுக்கப் பாய் உண்டு. இரவில் விளக்கு எரிக்க எண்ணெய் உண்டு. சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்கவும் எண்ணெய் உண்டு. வீட்டை விட்டு வந்திருக்கும் பிள்ளைக்கு யார் எண்ணெய் வைத்துவிடுவார்கள் என்று எவரோ ஒருவர் யோசித்திருக்கிறார். யோசித்ததோடு விடாமல் கணக்கிலும் ஏற்றிவிட்டார்.

மருத்துவமனைக்கு 'வீரசோழன்' என்று பெயர். 15 படுக்கைகள். மருத்துவர் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாமன் பட்டன். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் சம்பளம். அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு ஆட்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. நோயாளிகள் இருக்கும் இடத்தில் இரவு முழுவதும் ஒரு விளக்கு எரிய வேண்டும். தசமூல ஹரீதகி, வாசா ஹரீதகி என்று ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கும் தனிப் பட்டியல்.

இதைப் பெருமைக்காக மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்களாவோம். அந்தப் பள்ளி வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்தவர்களுக்கானது. மருத்துவமனை மாணவருக்கும் கோயில் பணியாளருக்கும் உரியது. கோயில் நிலத்தில் நாற்று நட்டவரின் மகன் அந்தப் பாயில் படுத்துப் படித்திருக்க முடியாது. வாசல் திறந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

அந்த வாசலைப் பற்றிய கேள்வி நம் பக்கத்தில் அப்போதே எழுந்திருந்தது. மரபுக் கணக்குப்படி ராமானுஜர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஆண்டு 1017. அதாவது திருமுக்கூடலில் கல்வெட்டு வெட்டப்பட்டபோது அவருக்கு ஐம்பது வயதுக்குமேல். திருக்கோஷ்டியூரில் குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரப் பொருளை, தனக்கு நரகம் வந்தாலும் பரவாயில்லை என்று எல்லோரும் அறியச் சொன்னார் என்ற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை அது. அந்தக் கதை இத்தனை நூற்றாண்டு நிலைத்ததற்குக் காரணம், கற்றதைப் பூட்டி வைக்கக் கூடாது என்ற எண்ணம் மக்கள் மனதில் பதிந்ததுதான்.

அவர் பெயரில் பின்னாளில் ராமானுஜ கூடங்கள் தோன்றின. ஊர் விட்டு ஊர் வந்த யாத்திரிகர் உண்டு இளைப்பாறும் இடங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் திருமலை திருப்பதியில் ஏற்படுத்திய ராமானுஜ கூடத்தைக் கந்தாடை ராமானுஜ ஐயங்கார் நிர்வகித்தார். பிராமணரல்லாத சாத்தாத வைணவரும் அவருடைய சீடர்களாக இருந்து அங்கே பணியும் பங்கும் பெற்றார்கள் என்று கல்வெட்டுகள் காட்டுகின்றன. முழுச் சமத்துவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் கொஞ்சம் அகலமாகியிருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் ஒரு பெரிய கார் தொழிற்சாலை. அதன் பிறகு இந்தச் சாலை எப்படி மாறியது என்று நம்மில் பலர் கண்ணால் பார்த்தவர்கள். நம் வீடுகளே அந்த மாற்றத்தால் வந்தவைதான். திருவண்ணாமலை, தருமபுரி, தென்காசி என்று தமிழ்நாட்டின் மூலைகளிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து வேலை செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. பெண் தொழிலாளர்களை முக்கியமாக மனதில் வைத்துக் கட்டியது. படுக்கைக்கு இது பெரிய தொடக்கம். ஆனால் அறைகளை வாடகைக்கு எடுத்து, ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் ஒரே பாயில் தூங்குகிறவர்கள் இன்னும் நம் கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறார்கள்.

சென்ற மழைக்காலத்தில் எதிர்ச் சந்தில் ஓர் ஒடிசாப் பையன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். உடன் தங்கியவர்களுக்கு இரவு ஷிஃப்ட். பகலில் அவர்களும் தூக்கம். நம் வளாகத்துக்குத் தண்ணீர் கேன் போடும் தம்பிதான் பார்த்துவிட்டு செக்யூரிட்டியிடம் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். ஏன் முதல் நாளே டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டேன். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தமிழ் தெரியவில்லை என்றான், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். அந்தச் சந்தில் அவன் இருந்தது ஒன்றரை வருடம். நானும் அதே வழியாகத்தான் தினமும் நடைப்பயிற்சிக்குப் போகிறேன்.

நம் வளாகத்துக்கு உள்ளேயும் நிலைமை வேறல்ல. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை டிவியோடு பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மட்டுமே எனக்குத் தெரிந்து நான்கு பேர். கற்றுக்கொள்ள ஆள் வெளியே இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஆள் உள்ளே இருக்கிறது. நடுவில் பூட்டிய கம்யூனிட்டி ஹால். பிறந்தநாள் விழாவுக்கும் பொதுக்குழுவுக்கும் தவிர அது திறப்பதில்லை.

அதனால்தான் அடுத்த பொதுக்குழுவில் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை ஹாலைத் திறப்போம். பேச்சுத் தமிழ் வகுப்பு ஒன்று, பேங்க் படிவம், வேலை விண்ணப்பம் நிரப்ப உதவும் மேசை ஒன்று, டீ. எந்த மதப் பிரசாரமும் வேண்டாம். பிள்ளையார் சந்நிதிக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், தொழுகைக்குப் போகிறவர், எங்கும் போகாதவர் எல்லோரும் நம்மில் இருக்கிறோம். அவரவர் நம்பிக்கை அவரவரை அந்த ஹாலுக்கு அழைத்து வரட்டும்.

ஆட்சேபங்களை வாட்ஸ்அப் குழுவில் படித்தேன். பாதுகாப்பு என்ன ஆகும், மின்கட்டணம் யார் தருவது, இரண்டு வாரம் நடந்து நின்றுவிட்டால் யார் பொறுப்பு? மூன்றும் நியாயமான கேள்விகள். குறிப்பாக மூன்றாவது. ஆர்வத்தில் தொடங்கி, தொடங்கியவர் மாறிப் போனதும் நின்ற காரியங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இங்கேதான் திருமுக்கூடல் கல்வெட்டு நமக்கு உதவுகிறது. அந்தக் கல்வெட்டில் 'விருந்தினரை அன்போடு நடத்துக' என்ற அறிவுரை இல்லை. எண்ணெய் எவ்வளவு, விளக்கு எத்தனை, விறகு கொண்டுவருபவருக்குக் கூலி எவ்வளவு என்றுதான் இருக்கிறது. அன்பு ஒருவர் மனதில் மட்டும் இருந்தால் அவரோடு போய்விடும். கணக்கில் ஏறிவிட்டால் அடுத்தவர் வந்து தொடர முடியும். நாமும் அப்படியே எழுதுவோம்: நான்கு மின்விசிறி, ஆறு விளக்கு, இரண்டு கேன் தண்ணீர், டீத்தூள், பால், வருகிறவர் பெயர் எழுத ஒரு நோட்டு, ஒவ்வொரு வாரமும் சாவி யாரிடம் என்ற பட்டியல். பொங்கல், கிறிஸ்துமஸ் செலவுகளுக்கு நம் கணக்கில் ஏற்கெனவே வரிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இன்னொரு வரி. முதல் மூன்று மாதம் பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் அடுத்த பொதுக்குழுவில் அந்த வரியை அடித்துவிடலாம்.

ஒப்புதல் இல்லாதவர்களும் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் கேள்விகள் இல்லாமல் இந்தக் கணக்கு சரியாக அமையாது. கற்றுக்கொடுக்க விருப்பமுள்ள பெரியவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். காய்ச்சலில் கிடந்த அந்தப் பையனிடம் சொல்லிவிட்டேன். வகுப்பு தொடங்கினால் அறையிலுள்ள ஐந்து பேரோடும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். எந்த ஞாயிறு என்று கேட்டான். பொதுக்குழு முடிந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.