சொல்லும் விதையும்
கொலம்பசுக்கு முற்பட்ட கடல்வழித் தொடர்புகள் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

வயல் கூறும் வரலாறு

வேடசந்தூர் வட்டாரத்து வயல்களைச் சுற்றி வரும் ஒருவர் மக்காச்சோளம், மிளகாய், நிலக்கடலை, தக்காளி, புகையிலை ஆகிய பயிர்களைக் காண்பார். இவ்வூரில் 1948ஆம் ஆண்டு புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்தும் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்னும் சொல்லே 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்ததாகும். ஆயினும் இவ்வைந்து பயிர்களுள் ஒன்றேனும் இம்மண்ணில் தோன்றியதன்று. ஐந்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. கொலம்பசு 1492இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த பின்னரே, பெரும்பாலும் போர்த்துக்கீசியர் வழியாகவும் அவர்களை ஒட்டி வந்த வணிகர் வழியாகவும் இவை இந்தியாவை அடைந்தன.

இவ்வரலாற்றைத் தமிழ்ச் சொற்களே காட்டிக் கொடுக்கின்றன. சங்கப் பாடல்களில் மிளகு மணக்கின்றது, மிளகாய் இல்லை. புதிதாக வந்த காயின் காரத்தைக் கண்ட மக்கள், முன்பே அறிந்திருந்த மிளகின் பெயரோடு 'காய்' என்பதைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டனர். சோளம் பழையது, மக்காச்சோளம் அடைமொழி பெற்று வந்தது. வள்ளிக்கிழங்கு பழையது, சர்க்கரைவள்ளி புதியது. புகையிலை என்பது அதன் பயனைச் சொல்லும் பெயர். வட மாவட்டங்களில் நிலக்கடலைக்கு வழங்கும் 'மணிலாக்கொட்டை' என்னும் பெயரோ ஒரு துறைமுகத்தையே தன்னுள் தாங்கி நிற்கின்றது. வந்தேறிய பொருளுக்குப் பழைய சொல்லோடு அடைகூட்டிப் பெயரிடுதல் தமிழின் இயல்பு என்பது இவற்றால் புலனாகும்.

இந்நிலையில் ஒரு வினா எழுகின்றது. கொலம்பசுக்கு முன் பழைய உலகத்தார் எவரும் அமெரிக்காவை எட்டியதில்லையா? தமிழர் எட்டினர் என்று இலக்கிய மேடைகளில் அவ்வப்போது முழங்கப்படுவதற்கு அடிப்படை உண்டா? இவ்வினாவுக்கு விடை காணுமுன், எது சான்று, எது சான்றன்று என்பதை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும்.

சிற்பத்தின் கைப்பொருள்

கருநாடகத்தில் காவிரிக் கரையை ஒட்டியுள்ள சோமநாதபுரத்தில் போசளர் காலத்துக் கேசவர் கோயில் ஒன்று உள்ளது. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கோயிலின் சிற்பங்கள் சிலவற்றின் கையில் நீண்ட, நுனி குறுகிய, வரிசை வரிசையாக மணிகள் பதிந்த பொருள் ஒன்று காணப்படுகின்றது. அது மக்காச்சோளக் கதிரே என்று கார்ல் யோகனசன் என்னும் அமெரிக்கப் புவியியல் அறிஞர் 1989இல் எழுதினார். அக்கருத்து உண்மையாயின், கொலம்பசுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அமெரிக்கப் பயிர் ஒன்று தென்னிந்தியாவில் விளைந்திருக்க வேண்டும்.

உருவ ஒற்றுமை வியப்புக்குரியதே. ஆயினும் இந்திய ஆய்வாளர் சிலர் அதனை மறுத்தனர். முத்துக்கள் பதித்த கற்பனைக் கனியாகிய 'முக்தாபலம்' என்பதே அச்சிற்பங்களின் கைப்பொருள் என்பது அவர்தம் விளக்கம். மக்காச்சோளம் காற்றிலோ பறவையின் வாயிலோ பரவும் பயிரன்று. உறையுள் அடங்கிய அதன் மணிகளை மனிதன் உரித்து விதைத்தால்தான் அது பெருகும். சிற்பி கண்டு செதுக்கும் அளவுக்கு அது பழகியிருந்தால் உழவனும் அதனை அறிந்திருப்பான். அவ்வாறாயின் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நெல்லையும் எள்ளையும் பயற்றையும் கணக்கிட்டு எழுதிய தென்னிந்தியக் கல்வெட்டுகளில் அதுவும் இடம்பெற்றிருக்கும். கல்லில் உருவம் மட்டும் உண்டு. களத்தில் கதிரும் இல்லை, ஏட்டில் பெயரும் இல்லை. ஆதலின் அச்சிற்பம் தொடர்புக்குச் சான்றாக நிற்கும் வலிமை உடையதன்று.

ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு எழுப்பப்படும் கோட்பாடுகளும் இத்தகையனவே. சமன்லால் 1940இல் வெளியிட்ட 'இந்து அமெரிக்கா' என்னும் நூல், பண்டை அமெரிக்க நாகரிகங்களை இந்தியாவோடு இணைத்துக் காட்ட முயன்றது. நடு அமெரிக்க மாயர்தம் பெயரைத் தமிழ் மரபில் வரும் மயன் என்னும் பெயரோடு பொருத்திப் பேசுவோரும் உளர். எந்த இரு மொழிகளை எடுத்துக் கொண்டாலும் தற்செயலாக ஒத்தொலிக்கும் சொற்கள் சில கிடைக்கவே செய்யும். ஒலிமாற்றங்கள் ஓர் ஒழுங்கில் அமைந்து, இலக்கணக் கூறுகளும் உடன்பட்டால் அன்றி அவை உறவைக் காட்டா. இதனைக் கற்பிக்கும் தமிழ் மொழியியலார், மேடையில் மட்டும் அதனை மறந்துவிடுதல் தகாது.

மெய்ப்பிக்கப்பட்ட இரு தொடர்புகள்

கொலம்பசுக்கு முன் எவரும் செல்லவில்லை என்று அடித்துக் கூறுவதும் பிழையாகும். வட அட்லாண்டிக் தீவுகளில் வாழ்ந்த நோர்சு மக்கள் மேற்கே ஒரு நாட்டைக் கண்டு அதற்கு வின்லாந்து எனப் பெயரிட்டதாக ஐசுலாந்தின் பழங்கதைகள் கூறின. அவற்றை நெடுங்காலம் கதையென்றே பலரும் கொண்டனர். 1960இல் எல்கே இங்சுதாது என்னும் நோர்வே நாட்டினர் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையில், லான்சு ஓ மெடோசு என்னும் சிற்றூரருகே புல்மூடிய மேடுகளைக் கண்டார். அவர் துணைவியாரும் தொல்லியலாளருமாகிய ஆன் இசுடைன் இங்சுதாது நடத்திய அகழாய்வில் நோர்சு முறையில் அமைந்த எட்டுக் கட்டடங்களின் அடித்தளங்களும், செம்புக்கலவை ஊசியும், நூற்கும் தக்களியின் குண்டும் வெளிப்பட்டன. அங்கு இரும்புக் கருவியால் வெட்டப்பட்ட மரம் கி.பி. 1021இல் வெட்டுண்டது என 2021இல் வெளியான ஆய்வு நிறுவியது. கி.பி. 993இல் நிகழ்ந்த கதிர்வீச்சின் சுவடு அம்மரத்தின் வளையம் ஒன்றில் பதிந்திருந்தது. அதிலிருந்து பட்டைவரை வளையங்களை எண்ணி அந்த ஆண்டைக் கண்டனர்.

நோர்சு மக்கள் அங்கு நிலைத்துத் தங்கவில்லை. அவர்கள் வழியாக மக்காச்சோளமோ புகையிலையோ ஐரோப்பாவுக்கு வரவுமில்லை. அது உண்மையான வருகை. ஆயினும் விதை மாறாத வருகை.

மற்றொரு தொடர்பு பசிபிக் பெருங்கடலில் நிகழ்ந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவுக்கு உரியது. எனினும் ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட கரிந்த கிழங்குத் துண்டுகள் குக் தீவுகளைச் சார்ந்த மங்கையாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பாலினீசியத் தீவினர் அதனைக் 'குமரா' என்பர். தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழிவழக்கில் அக்கிழங்குக்கு 'குமர்' என்ற பெயர் உண்டு. பாலினீசியரும் அமெரிக்கத் தொல்குடியினரும் கி.பி. 1200ஆம் ஆண்டை ஒட்டிக் கலந்தனர் என்பதை 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. இந்தக் 'குமர்' என்னும் ஒலியைக் கேட்டதும் தமிழ்க் குமரனை நினைவுகூரத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதே ஆய்வின் முதற்பாடம். அங்கே சொல் மட்டும் பேசவில்லை. சொல்லோடு கிழங்கும், கிழங்கோடு குருதியும் ஒத்துப் பேசுகின்றன.

செங்கடற்கரையில் ஒரு தமிழ்ச்சொல்

இவ்வுரைகல்லில் தமிழர்தம் கடல்வழித் தொடர்பைத் தேய்த்துப் பார்த்தால் அது பொன்னாகவே ஒளிர்கின்றது. வாசுகோடகாமா 1498இல் கோழிக்கோட்டை அடைவதற்கு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மத்தியதரைக் கடல் உலகும் தமிழகமும் நெருங்கிப் பழகின. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீண்டதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகின்றது. பாடல் மட்டும் இருந்திருந்தால் அதனைப் புலவரின் புனைவு என்று ஒதுக்கியிருக்கக் கூடும். ஆனால் வியன்னா நூலகத்தில் உள்ள பாப்பிரசு ஏடொன்று 1985இல் பதிப்பிக்கப்பட்டது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் உள்ளது. மறுபக்கத்தில் எர்மபொல்லோன் என்னும் கப்பல் ஏற்றிச் சென்ற யானைத் தந்தம், நறுமணப் பொருள் முதலியவற்றின் கணக்கு உள்ளது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வேடு, நான்கில் ஒரு பங்கு சுங்கத்தையும் குறிக்கின்றது. எகிப்தின் பெரணிகே துறைமுகத்துக் கோயில் ஒன்றில், இந்தியச் சேமிப்புச் சாடியினுள் ஏழரைக் கிலோவுக்குச் சற்று மிகுந்த மிளகு கிடைத்துள்ளது. புலவர் சொன்ன மிளகு மறுகரையில் கண்முன் கிடக்கின்றது.

இவை அனைத்தினும் தமிழ் நெஞ்சைத் தொடுவது ஓர் உடைந்த சாடியே. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசைர் அல் காதிம் என்னும் பழந்துறையில் அது கிடைத்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. அதன்மேல் தமிழ்ப் பிராமியில் 'பானை ஒறி' என எழுதப்பட்டுள்ளது என ஐராவதம் மகாதேவன் படித்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது அதன் பொருள். அரசன் பெயரோ வெற்றிச் செய்தியோ அதில் இல்லை. தன் பாண்டத்துக்கு அடையாளமாக எவரோ எழுதிய வீட்டுச்சொல் அது. அச்சொல், அச்சொல் குறிக்கும் பாண்டத்தின்மீதே, அது பயன்பட்ட இடத்திலேயே கிடைத்துள்ளது. பொருளும் சொல்லும் இடமும் ஒன்றுபட்டு நிற்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடல் அரிது.

குடகனாற்று வழி

இப்பெருவணிகத்தில் திண்டுக்கல் சமவெளியின் பங்கு யாது? வேடசந்தூரைத் தொட்டு வடக்கே ஓடும் குடகனாறு கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கின்றது. அமராவதியின் கரையில் அமைந்த கரூரே சேரர்தம் கருவூர் என்பது அறிஞர் பலரின் முடிபு. அங்கு ஆற்று மணலில் உரோமக் காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. அருகிலுள்ள புகலூர் ஆறுநாட்டார் மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனைக் குறிக்கின்றது. தெற்கே மதுரையில் வைகை மணலிலும் உரோமச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன. மேற்கே பழனியை அடுத்த கலையம்புத்தூரில் 19ஆம் நூற்றாண்டில் உரோமப் பொற்காசுகள் கண்டெடுக்கப்பட்டன. பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் புதுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் கண்ணாடி மணிகள் மிகப் பலவாக வெளிப்பட்டன.

கரூருக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட சமவெளியில் வேடசந்தூர் அமைந்துள்ளது. இன்றைய நெடுஞ்சாலையும் இவ்வழியே செல்கின்றது. சேர நாட்டுப் பொன்வாணிகர் பாண்டிய நாட்டுக்கு இவ்வழி நடந்திருத்தல் கூடும். ஆனால் இது கருதலே அன்றிச் சான்றன்று. சோமநாதபுரத்துச் சிற்பத்துக்கு எந்த அளவுகோலோ, அதே அளவுகோல்தான் சொந்த ஊருக்கும் உரியது. ஓர் உரோமக் காசு கிடைத்ததாலேயே உரோமன் ஒருவன் அங்கு வந்தான் என்பதும் முடிபன்று. காசு கைமாறிக் கைமாறி நெடுந்தொலைவு செல்லும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றின் பேரரசர் முகத்தில் உளியால் வெட்டப்பட்டிருந்தது. கடல் கடந்து வந்த காசு, இங்கு வேறொரு வாழ்வு பெற்றது என்பதையே அவ்வெட்டு உணர்த்துகின்றது.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தார்க்கும் கவிஞர்க்கும் இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. மெய்யான பெருமை கையிலிருக்க, பொய்யான பெருமையைத் தேடி அமெரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. செல்வதால் கேடும் உண்டு; ஆதாரமற்ற ஒரு முழக்கத்தைக் கேட்டு நகைத்தவர், ஆதாரமுள்ள முசிறியையும் ஐயுறத் தொடங்குவர். முசிறிப் பாடலைப் பாடிய எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், பொன் வந்ததையும் மிளகு சென்றதையும் உள்ளவாறே பாடினார். அதனால்தான் பத்தொன்பது நூற்றாண்டு கழித்து வெளிப்பட்ட கணக்கேடும் மிளகுச் சாடியும் அவர் பக்கம் நின்று பேசுகின்றன.

உறி தொங்கும் வீடுகள் இன்று இவ்வட்டாரத்திலும் அருகிவிட்டன. உறி, பிரிமணை, குதிர், குலுக்கை, கவலை, சால் என்னும் சொற்களைப் பொருளோடு அறிந்த முதியோர் இன்னும் ஊர்தோறும் உளர். அச்சொற்களையும் அவை குறிக்கும் பொருள்களையும் ஊர்ப்பெயரோடு தொகுத்து வைத்தலும், உழவில் தட்டுப்படும் எழுத்துப் பொறித்த ஓட்டைத் தொல்லியலாரிடம் இடங்குறித்துச் சேர்த்தலும் இலக்கிய வட்டங்களால் எளிதில் இயலும் பணிகள். செங்கடற்கரைச் சாடியின் எழுத்தைத் தமிழுலகம் படித்தறிய முடிந்தது, 'உறி' என்னும் சொல் இங்குள்ள அடுக்களைகளில் அதுவரை வாழ்ந்திருந்ததனால் அன்றோ?