முரலொலியை அடக்கிய இரட்டைச் சுருள்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மரத்தையும் தோலையும் நரம்பையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர்; செம்புக் கம்பியைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலைநாட்டு மேடைகளில் முழங்கிய இசையின் பெரும்பகுதி, மயிரிழையை ஒத்த செம்புக் கம்பிச் சுருளின் வழியாகவே மக்கள் செவியை அடைந்தது. மின்கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் பதிக்கப்படும் அச்சுருளையும், அதனோடு இணைந்த காந்தத்தையும் சேர்த்துப் 'பிக்கப்' என்பர். காந்தப் புலத்தினிடையே எஃகுக் கம்பி அதிரும்பொழுது புலம் மாறுகிறது. புலம் மாறவே சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. பள்ளி அறிவியல் நூலில் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும் இவ்வுண்மை இசைக்குப் பயன்பட நூறாண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், ஹவாய் கித்தார் வாசித்து வந்த ஜார்ஜ் பீச்சம் என்பார், குதிரைலாட வடிவக் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் கொண்டு 1931ஆம் ஆண்டளவில் ஒரு பிக்கப்பை உருவாக்கினார். அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் துணையோடு அது 1932இல் விற்பனைக்கு வந்தது. அலுமினியத்தில் வார்க்கப்பட்ட அக்கருவியின் உருவத்தைக் கண்டோர் அதற்குப் 'பொரிக்கும் சட்டி' என்றே பெயரிட்டனர். 1936இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் 'ஈ.எஸ்.150' என்னும் மின்கித்தாரை வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர் அதனைக் கையிலேந்தி, 1939 முதல் பென்னி குட்மன் குழுவில் வாசித்தார். ஊதுகருவிகளின் பேரொலியில் அமிழ்ந்து கிடந்த கித்தார் தனிக்குரலோடு எழுந்தது அவர் விரல்களால்தான். 1942இல், தம் இருபத்தைந்தாம் வயதில், அவர் காலமானார்.

குரல் கிடைத்தது, ஆனால் குரலோடு ஒரு குறையும் வந்து சேர்ந்தது. கம்பிச்சுருள் என்பது இசையை மட்டும் தேர்ந்து கேட்கும் செவியன்று. அருகிலுள்ள மின்மாற்றியும், குழல்விளக்கும், சுவரினுள் ஓடும் மின்கம்பியும் பரப்பும் மாறுபுலத்தையும் அது தன்பால் ஈர்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் மாறுமின்னோட்டம் நொடிக்கு 60 முறை அலைவது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 50 முறை. அவ்வலைவே ஒலிபெருக்கியில் வண்டின் முரலொலி போல இடையறாது கேட்கும். மென்மையான பாடலின் இடைவெளிகளில் இம்முரலல் புகுந்து பாடகனையும் அவையோரையும் ஒருங்கே வருத்தியது. ஒலிப்பதிவுக் கூடங்களிலோ வாத்தியக்காரர் தம் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் போட்டு, முரலல் குறையும் திசையைத் தேடி அமர வேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்க்கும் பணி 1955இல் கிப்சன் நிறுவனத்துப் பொறியாளர் சேத் லவரிடம் வந்தது. 1910இல் கலமசூவில் பிறந்த இவர் வானொலித் தொழில்நுட்பம் பயின்றவர். கடற்படையிலும் அத்துறையிலேயே பணியாற்றியவர். 1952இல் கிப்சனுக்குத் திரும்பியவர். ஒலிபெருக்கிக் கருவி ஒன்றில், ஒரு சுருளில் எழும் முரலொலியை மற்றொரு சுருளைக் கொண்டு எதிர்த்து அழிக்கும் முறையை அவர் முன்னரே கையாண்டிருந்தார். ஒலிபெருக்கித் துறையில் அம்முறை புதியதன்று. பால்ட்வின் பியானோ நிறுவனத்தார் கம்பி வாத்தியங்களுக்கான இத்தகைய இரட்டைச் சுருளுக்கு 1935இலேயே காப்புரிமை கோரியிருந்தனர். எனவே இக்கருத்தை முதன்முதலில் கண்டவர் லவர் என்று கூறுவது பொருந்தாது. கித்தாரின் அடக்கமான வடிவுக்குள் அதனைப் பொருத்தி, ஆயிரக்கணக்கில் செய்யத்தக்கதாக ஆக்கியவர் அவர் என்பதே சரி. ஒரு கருத்தைக் காண்பதைவிட அதனைக் கைக்கு அடங்கும் பொருளாக்குவது பல வேளைகளில் கடினமானது.

அவர் செய்த அமைப்பு இது: இரண்டு சுருள்கள் அருகருகே கிடக்கும். அவற்றின் கீழே ஒரே காந்தச் சட்டம். அதனால் ஒரு சுருளின் நடுவே வடதுருவமும் மற்றதன் நடுவே தென்துருவமும் மேல்நோக்கும். சுருள்கள் ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் முரலொலிக்குக் காந்தத் துருவம் ஒரு பொருட்டன்று. அது இரு சுருள்களிலும் ஒரே அளவில் தோன்றி, எதிரிணைப்பால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் அதிர்வோ துருவ மாற்றத்தால் ஒருமுறை தலைகீழாகி, இணைப்பு மாற்றத்தால் மறுமுறையும் தலைகீழாகி, நேராய் நின்று இரட்டிப்பாகும். எதிர்மறையோடு எதிர்மறை பெருகினால் நேர்மறை என்று கணக்குப் பாடத்தில் படித்ததை மாணவர் இங்கே காதால் கேட்கலாம். முரலொலியை எதிர்த்து உதைப்பது என்னும் பொருளில் இதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயராயிற்று.

லவர் 1955 ஜூன் 22இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிக்கப் 1956இல் ஹவாய் வகைக் கித்தார்களிலும், 1957இல் 'லெஸ் பால்' என்னும் புகழ்பெற்ற கித்தாரிலும் இடம்பெற்றது. அதன் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்னும் பொருள்படச் சிறு சீட்டு ஒட்டப்பட்டது. அச்சீட்டின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டே பிற்காலத்தார் அவற்றைப் 'பி.ஏ.எஃப்.' என்று போற்றலாயினர். காப்புரிமை 1959 ஜூலை 28இல் கிடைத்த பின்னரும் பழைய சீட்டே 1962 வரை ஒட்டப்பட்டது. பின்னர் அச்சிடப்பட்ட எண்ணோ பிக்கப்புக்குரியதே அன்று. லெஸ் பால் பெற்றிருந்த கம்பிதாங்கி ஒன்றின் காப்புரிமை எண் அது. போட்டியாளரைத் திசைதிருப்பச் செய்த சூழ்ச்சி என்பர் சிலர். அலுவலகத்துக் கவனக்குறைவு என்பர் வேறு சிலர்.

அதே காலத்தில் ரே பட்ஸ் என்பாரும் இலினாய் மாநிலத்தில் இருந்துகொண்டு, சேட் அட்கின்ஸ் என்னும் கித்தார்க் கலைஞருக்காக இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை உருவாக்கியிருந்தார். கிரெட்ச் நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது. பட்ஸ் விண்ணப்பித்தது 1957 ஜனவரியில். ஆயினும் அவருக்கு 1959 ஜூன் 30இலேயே, அதாவது லவருக்கு நான்கு வாரம் முன்னதாகவே, காப்புரிமை கிடைத்துவிட்டது. இன்று லவரின் பெயரை அறிந்தோருள் பத்தில் ஒருவரேனும் பட்ஸின் பெயரை அறிவாரா என்பது ஐயமே.

இனி, தேர்வு என்னும் செய்திக்கு வருவோம். மின்கித்தாரில் பெரும்பாலும் இரண்டு பிக்கப்புகள் உண்டு: ஒன்று கழுத்தின் அருகில், மற்றொன்று குதிரையின் அருகில். வீணையில் தந்திகளைத் தாங்கும் உறுப்பை நாம் குதிரை என்போம். கித்தாரிலும் அதன் தொழில் அதுவே. இரு முனையும் கட்டப்பட்ட கம்பி நடுவில் விரிந்து அதிரும். முனையருகில் அவ்வதிர்வு ஒடுங்கிவிடும். ஆதலின் குதிரையருகில் உள்ள பிக்கப் பெறும் ஒலி அளவில் சிறியது. அங்கே அடிப்படைச் சுரம் மெலிந்து, மேற்சுரங்கள் ஓங்கும். ஒலி கூர்மையாய், சற்று வெட்டுவதாய் இருக்கும். வீணையின் தந்தியைக் குதிரைக்கு நெருக்கமாக மீட்டிப் பார்த்தோர் இவ்வேறுபாட்டை உடனே உணர்வர்.

வியப்பு யாதெனில், லவர் காலத்துக் கிப்சன் தொழிற்சாலை இவ்விரு இடங்களுக்கும் வெவ்வேறு பிக்கப் செய்யவில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றைக் கழுத்திலும் மற்றொன்றைக் குதிரையிலும் பொருத்தினர். ஆயினும் இரண்டும் ஒன்றாய் இருந்தனவோ எனின், இல்லை. ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5,000 சுற்றுகள் இருக்கவேண்டும். கம்பி சுற்றும் இயந்திரங்களுள் பலவற்றில் உரிய எண்ணிக்கையில் தானே நிற்கும் அமைப்பு இல்லை. சுருள் நிரம்பியது என்று கண்ணால் கண்டு தொழிலாளர் நிறுத்தினர். அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் இரும்போடு கலந்த 'அல்நிகோ' காந்தங்களிலும் வெவ்வேறு வகைகள், கையில் கிடைத்தபடி பயன்பட்டன. ஆதலின் ஒரு பிக்கப்பின் மின்தடை 7 கிலோ ஓம் எனில், அடுத்தது 9 கிலோ ஓம் வரை சென்றது. தற்செயலாக வலியது குதிரையருகே அமைந்த கித்தார் சிறந்தது எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தார் பெருஞ்செல்வம் கொடுத்துத் தேடும் அந்த 'மாயக் குரல்' பெயர் தெரியாத தொழிலாளர் ஒருவரின் கண்ணளவில் பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அன்று இதனை யாரும் பெரிதாகக் கருதவில்லை. விற்பனை போதாமையால் 1960 இறுதியோடு பழைய வடிவ லெஸ் பால் நிறுத்தப்பட்டது. ஆனால் 1966இல் இலண்டனில், ஜான் மேயால் குழுவில் இருந்த எரிக் கிளாப்டன், பழைய லெஸ் பால் ஒன்றை மார்ஷல் ஒலிபெருக்கியோடு இணைத்து, ஒலியளவை முழுவதும் உயர்த்திப் பதிவு செய்தார். ஒலிபெருக்கியின் வெற்றிடக் குழாய்கள் தாங்காமல் ஒலி பிளந்து தடித்தது. அத்தடிப்பே புதிய அழகாயிற்று. ஒற்றைச் சுருளாயின் முரலொலியும் அதே அளவுக்குப் பெருகியிருக்கும். மென்மையான இசையின் அமைதியைக் காப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி, இவ்வாறு பேரிரைச்சலின் தோழனாகியது. 1968இல் கிப்சன் லெஸ் பாலை மீண்டும் வெளியிட்டது.

அதன்பின் வாத்தியக்காரர் குதிரையருகே இன்னும் வலிய பிக்கப்பை நாடினர். 1972இல் நியூயார்க்கைச் சேர்ந்த லாரி டிமார்சியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்பதை உருவாக்கினார். அல்நிகோவுக்கு மாறாகப் பீங்கான் காந்தம். மின்தடை ஏறத்தாழ 13 கிலோ ஓம். தொழிற்சாலை பொருத்தியதைக் கழற்றிவிட்டு, வேண்டியதை வாங்கிப் பொருத்தலாம் என்னும் வழக்கம் இதனால் பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் பணிபுரிந்த சீமோர் டங்கன், பழுதுற்ற பழைய கிப்சன் பிக்கப்புகளை மீண்டும் சுற்றி ஜெஃப் பெக்குக்கு ஒரு கித்தார் அமைத்துக் கொடுத்தார். அவர் 1976இல் சாண்டா பார்பராவில் நிறுவனம் தொடங்கி வெளியிட்ட 'ஜே.பி.' அம்முயற்சியின் வழிவந்ததே.

பாசடீனா நகரத்து இளைஞர் எட்டி வான் ஹேலனோ கடையையும் நாடவில்லை. கிப்சன் கித்தார் ஒன்றின் பழைய பிக்கப்பை எடுத்து, ஃபெண்டர் வடிவ உடலில் குதிரையருகே மரத்தைக் குடைந்து பதித்தார். இருவகைக் கித்தார்களிலும் கம்பிகளின் இடைவெளி வேறு. ஆகவே துருவங்கள் கம்பிகளுக்கு நேரே அமையும்படி அதனைச் சற்றுச் சாய்த்து வைத்தார். தளர்ந்த சுற்றுகள் தாமே அதிர்ந்து கீச்சிடாதிருக்க உருக்கிய மெழுகில் அமிழ்த்தினார். 1978இல் அவர் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபின், குதிரையருகே ஒரே ஒரு ஹம்பக்கர் கொண்ட கித்தார்களை நிறுவனங்களே செய்து விற்கத் தொடங்கின.

இவ்வரலாற்றை அறியாதார் எண்ணைக் கண்டு மயங்குவர். 16 கிலோ ஓம் எனின் 8 கிலோ ஓமினும் இருமடங்கு வலிது என்று கொள்வர். 'ஜே.பி.'யின் மின்தடை 16 கிலோ ஓமுக்கு மேற்படுவது மெய்யே. ஆனால் அதில் சுற்றப்பட்ட கம்பி பழையதினும் மெல்லியது. மெல்லிய கம்பிக்கு மின்தடை இயல்பாகவே மிகுதி. தேர்வுப் புள்ளி ஒன்றைக் கொண்டு மாணவனை எடைபோடுவது போன்றது இது. மேலும், சுற்று மிகுந்தால் மின்னழுத்தம் கூடும். அதே வேளையில் உச்ச ஒலிகள் மங்கும். ஏற்கெனவே கூர்மையான கித்தாருக்கு அம்மங்கல் நன்மை. மந்தமான ஒலியுடைய கனத்த கித்தாருக்கு அது கேடு. கழுத்தருகே உள்ளது மென்மையானதாயின், குதிரையருகே மிக வலியதை வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்பொழுது ஒலியளவு திடுமெனத் தாவும். தெளிவாகப் பிரிந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை விரும்புவோர் இன்றும் 8 கிலோ ஓம் அளவிலான பழைய வகையையே நாடுகின்றனர். அவர்கள் பழமைவிரும்பிகள் அல்லர், செவியை நம்புவோர். புதியது வாங்குமுன் திருகைத் திருப்பிப் பிக்கப்பின் உயரத்தை மாற்றிக் கேட்பதே அறிவுடைமை. பலருக்கு அதுவே போதுமானதாகிவிடும்.

அத்திருகுகளுக்கும் ஒரு கதை உண்டு. லவர் செய்த முதல் மாதிரியில், ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தனித்தனியே உயர்த்தித் தாழ்த்தும் ஆறு திருகுகள் இல்லை. அவை தேவையில்லை என்றே அவர் எண்ணினார். கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல ஏதேனும் இருக்கவேண்டும் என்று விற்பனைப் பிரிவினர் கேட்டதால் அவை சேர்க்கப்பட்டன. லவர் 1967இல் கிப்சனை விட்டு ஃபெண்டர் நிறுவனத்தில் சேர்ந்து, அங்கும் வேறுவகை ஹம்பக்கர் ஒன்றை வடிவமைத்து, 1975இல் ஓய்வுபெற்றார். கலமசூத் தொழிற்சாலையைக் கிப்சன் 1984இல் மூடியது. அங்கே சுழன்ற பழைய கம்பி சுற்றும் இயந்திரம் ஒன்று சீமோர் டங்கனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. 1994இல், எண்பது வயதைக் கடந்த லவரும் டங்கனும் கூடி, 1955ஆம் ஆண்டு அமைப்பை ஒட்டி ஒரு பிக்கப்பை வெளியிட்டனர். அதற்குச் 'சேத் லவர்' என்றே பெயர் வைத்தனர். மூன்றாண்டு கழித்து, 1997 ஜனவரி 31இல், லவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அந்தப் பிக்கப்பிலும் ஆறு திருகுகள் இருந்தன.