மிருதங்கமும் கணிப்பொறியும்

தளவாய்புரத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் வீட்டிலேயே கணிப்பொறியில் இசையமைக்கிறார். வித்துவானை அமர்த்தப் பணம் இல்லை; ஆகவே மிருதங்கத்தையும் கணிப்பொறியிலேயே அமைத்து என்னைக் கேட்கச் செய்தார். ஒவ்வோர் அடியும் உண்மையான மிருதங்கத்திலிருந்து பதிவு செய்த ஒலிதான். ஆயினும், "மெஷின் மாதிரி இருக்கு, சார்" என்று அவரே சலித்துக்கொண்டார். குறை எங்கே?

விடையின் முதற் பாதி நூறாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால், மேற்சுரங்களின் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணைப்போல் 1.59, 2.14, 2.30 மடங்கு என ஒழுங்கின்றி அமையும். திட்டமான சுருதி பிறக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் சுருதி பிறப்பானேன்? சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார். 1934-இல் விரிவாகவும் எழுதினார். கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து நடுவில் அப்பும் கரணையே காரணம். அதன் எடையால் மேற்சுரங்கள் ஏறத்தாழ 2, 3, 4, 5 என முழு எண் மடங்குகளாகின்றன. தோலின்மீது மெல்லிய மணலைத் தூவி, அது அதிராத கணுக்கோடுகளில் ஒதுங்குவதைக் கொண்டு, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதை இராமன் காட்டினார். இயற்பியல் படித்தவர்கள்கூட இராமன் என்றால் ஒளிச்சிதறலை மட்டுமே நினைப்பது எனக்கு ஒரு குறைதான்!

'நம்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். மோதிர விரல் கரணையின் ஓரத்தை இலேசாகத் தொட்டிருக்க, சுட்டு விரல் விளிம்பில் தட்டுகிறது. தொட்ட விரல் அடிப்படை அதிர்வை அமுக்குகிறது. அது ஒரு கணுக்கோட்டின்மேல் இருப்பதால் இரண்டாம் சுரம் தடையின்றி மேலோங்குகிறது. விரல் சற்றே நகர்ந்தால் ஒலியின் சாயலும் மாறும். நம் மாணவரோ ஒரே பதிவை நூறு முறை ஒலிக்கவிட்டிருந்தார். இசைக்கருவிகளையும் கணிப்பொறியையும் இணைக்க 1983-இல் வந்த 'மிடி' முறை, அடியின் விசையை 127 வரையுள்ள எண்களால் குறிக்கும். விரல் விழுந்த இடத்தை அந்த எண் சொல்வதில்லை.

மறு பாதி காலத்தைப் பற்றியது. 1980-இல் ரோஜர் லின் உருவாக்கிய தாளப் பொறி, பதிவு செய்த அடிகளை ஒலித்ததோடு, கைப்பிசகுகளையும் தானே திருத்திச் சரியான மாத்திரையில் நிறுத்தியது. அந்தத் திருத்தமே பின்னர் குறையாகத் தோன்றியது. 1989-இல் ரோலண்டு நிறுவனத்தின் 'ஆர்-8' பொறி, அடிகளில் வேண்டுமென்றே சிறு வேறுபாடுகளைப் புகுத்தியது. அதுவும் போதவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹோல்கர் ஹென்னிக் குழுவினர் கையாலும் காலாலும் குரலாலும் எழுப்பிய தாளங்களை அளந்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர்: மனிதனின் பிசகு பகடை உருட்டியதுபோல் வருவதல்ல, ஓர் அடியின் பிசகுக்கும் வெகுநேரம் கழித்து வரும் அடியின் பிசகுக்கும் தொடர்பு உண்டு. கேட்டவர்களும் அத்தகைய பிசகையே பெரிதும் விரும்பினர்.

மாணவர் இப்போது தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் தம் விரல்களாலேயே தட்டிப் பதிவு செய்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் நாலைந்து பதிவுகளை மாற்றி மாற்றி வைக்கிறார். வலந்தலை ஓரளவு வந்துவிட்டது. இடந்தலையின் கும்கிதான் பிடிபடவில்லை. ஒலி எழுந்துகொண்டிருக்கும்போதே கை அழுத்தத்தால் தோலின் இழுவிசை கூடி, சுருதி வழுக்கி ஏறுகிறது. அதை எத்தனை பதிவுகளில் அடக்குவது என்று போன வாரமும் கேட்டார்.