நிலமளந்த கருவியும் ஆற்காட்டு முஹ்சின் ஹுசைனும்

பத்தமடை என்றதும் தமிழ் மக்களின் நினைவில் முதலில் விரிவது பாய். கோரையை அறுத்து உலர்த்தி, ஓடும் தாமிரபரணி நீரில் ஊறவிட்டு, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் ஊடுகொடுத்து நெய்யப்படும் பட்டுப்பாயைச் சேலைபோல் மடித்து வைக்கலாம். அதனை நெய்வோருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களுள்ளும் பெண்களே மிகுதி. இழையின் பருமனைக் கண்ணாலும் விரலாலும் அளந்தறியும் இத்திறத்தை எந்தக் கல்லூரியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தாய் மகளுக்குச் சொல்லாமற் சொல்லித் தந்தது அது.

இதுபோன்ற கைத்திறம் ஒன்று, கோரையை விட்டுப் பித்தளையைப் பற்றிய வரலாறு உண்டு. இந்தியாவின் நிலப்படத்தை உருவாக்கிய மாபெரும் அளவைப் பணிக்குத் துணைநின்ற அந்தக் கைகளுக்குரியவர், ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்சின் ஹுசைன். அளவைப் பணியின் தலைவர்களுடைய பெயர்களை நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். இவர் பெயரோ நம் இல்லங்களிற்கூட வழங்கவில்லை.

விதைப்பாடும் சங்கிலியும்

நெல்லைச் சீமையில் முற்காலத்தில் நிலத்தின் பரப்பை விதையால் குறிப்பது வழக்கம். ஒரு மரக்கால் விதைப்பாடு, ஒரு கோட்டை விதைப்பாடு என்பர். அந்த அளவு நெல்லை விதைப்பதற்கு வேண்டிய நிலம் என்பது பொருள். உழுபவனுக்கு அது போதுமானதாயிருந்தது. வரி விதிக்க வந்த கும்பினியாருக்கு அது போதவில்லை. ஊருக்கூர் மாறாத ஓர் அளவும், அவ்வளவை அறிந்த ஆட்களும் அவர்களுக்குத் தேவைப்பட்டனர்.

அத்தேவையிலிருந்து பிறந்ததே சென்னை அளவைப் பள்ளி. 1794-ஆம் ஆண்டு மே மாதம், மைக்கேல் டாப்பிங் என்பார் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களைக் கொண்டு அதனைத் தொடங்கினார். அம்மாணவர்கள் ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து எடுக்கப்பட்ட ஐரோப்பிய வழிச் சிறுவர்கள். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது அங்கு இடமில்லை. டாப்பிங் 1796-இல் மறைந்தார்; பள்ளி நிலைத்தது. திருநெல்வேலிச் சீமையை அளந்து, அதன் ஊர்களையும் வளங்களையும் விரிவாக எழுதிவைத்த தாமஸ் டர்ன்புல் போன்ற உதவி அளவையாளர்களின் உழைப்பு அக்காலத்தைச் சார்ந்ததே.

முக்கோணங்களின் பயணம்

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியை விரித்தார். ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்து முடிக்க அவருக்கு ஆறு வாரம் பிடித்தது. அதன் பின்னர் ஒவ்வொரு காதத்தையும் சங்கிலியால் அளக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளின் கோணங்களும் தெரிந்தால், ஏனைய இரு பக்கங்களையும் கணக்கால் அறியலாம் அல்லவா? அப்படி அறிந்த பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடியாக அமையும். குன்றிலிருந்து குன்றுக்கும், குன்று இல்லாத சமவெளியில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கும் இம்முக்கோணங்கள் தாவிச் சென்றன.

கோணத்தை அளக்க லாம்டன் கொண்டுவந்த தியோடலைட் அரை டன் எடையுள்ளது. அதன் வட்டம் 36 அங்குல விட்டமுடையது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அதனைக் கயிறு கட்டி ஏற்றுகையில், அது சுவரில் மோதி வட்டம் நெளிந்தது. வேறு எவராயினும் பணியைக் கைவிட்டிருப்பர். லாம்டன் பல வாரம் கூடாரத்திற்குள் இருந்து, தட்டியும் இழுத்தும் அதனை ஒருவாறு சீர்செய்தார். அதன் பின்னரே அளவை தெற்கு நோக்கி நகர்ந்தது. 1809-இல் திருநெல்வேலிப் பகுதியிலும் ஓர் அடிக்கோடு அளந்து, முந்தைய கணக்குகள் சரிபார்க்கப்பட்டன.

அவ்வட்டத்தின் நெளிவு எவ்வளவு பெரிய கேடு என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 36 அங்குல வட்டத்தின் விளிம்பில் ஒரு பாகை ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் இடமே கொள்ளும். ஒரு பாகையில் 3,600 விகலைகள். ஆகவே ஒரு விகலைக்கு விளிம்பில் உரிய இடம், ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய 450 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. கோணத்தில் அந்த ஒரு விகலை பிழைத்தால், முப்பது மைல் தொலைவில் ஒன்பது அங்குலம் பிழைக்கும். முக்கோணங்கள் நூற்றுக்கணக்கில் தொடரும்போது பிழையும் தொடரும். எனவே, நாட்டின் நிலப்படம் செம்மையாக அமைவது, பித்தளை விளிம்பில் கோடு கீறும் ஒரு கையைப் பொறுத்திருந்தது.

நகைக்கடையிலிருந்து கல்கத்தாவுக்கு

அந்தக் கை சென்னை நகரில் ஒரு நகைக்கடையில் வேலை செய்து கொண்டிருந்தது. நுண்ணிய வேலைகளில் முஹ்சின் ஹுசைனுக்கு இருந்த திறமையைக் கண்டுகொண்டவர் கர்னல் வாலன்டைன் பிளாக்கர். 1823-இல் இந்தியத் தலைமை அளவையாளர் பொறுப்பேற்ற பிளாக்கர், அவரைக் கல்கத்தாவில் அளவைத் துறையின் கருவிகளைப் பேணும் பணியில் சேர்த்தார். பிளாக்கர் 1826-இல் இறந்துவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த கலைஞர் துறையிலேயே நிலைத்தார்.

1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது, ஹென்றி பாரோ என்னும் கருவி வல்லுநரும் அவ்வாண்டில் வந்து சேர்ந்தார். பாரோவின் கீழ் முஹ்சின் ஹுசைன் பணியாற்றினார். தஞ்சையில் அடிபட்ட பழைய தியோடலைட்டும் எவரெஸ்டின் காலத்தில் ஏறத்தாழப் புதிதாகச் செய்வதுபோலவே திருத்தி அமைக்கப்பட்டது. கடல் கடந்து கருவியை இலண்டனுக்கு அனுப்பிப் பழுதுபார்த்துத் திரும்பப் பெறுவதென்றால் மாதக்கணக்கில் பணி நிற்கும். பழுதை இங்கேயே தீர்க்கும் கைகள் இருந்ததால்தான் முக்கோணங்கள் இமயத்தின் அடிவாரம் வரை இடையறாது சென்றன.

பாரோ பணியிலிருந்து விலகிய பின், அந்த இடத்திற்கு எவரெஸ்ட் வேறொரு ஐரோப்பியரைத் தேடவில்லை. முஹ்சின் ஹுசைனையே அழுத்தமாகப் பரிந்துரைத்தார். யாரிடத்தும் எளிதில் நிறைவு கொள்ளாதவர், கடுஞ்சொல்லுக்குப் பெயர் பெற்றவர் எவரெஸ்ட். அவருடைய பரிந்துரை ஆயிரம் நற்சான்றுகளுக்கு நிகர் எனலாம். 1843-இல், எவரெஸ்ட் ஓய்வுபெற்ற அதே ஆண்டில், கணிதக் கருவிகள் செய்வோர் என்னும் அப்பதவி முஹ்சின் ஹுசைனுக்கு வழங்கப்பட்டது. அதுவரை ஐரோப்பியர்க்கே உரியதாக எண்ணப்பட்ட இருக்கை அது. 1864-இல் அவர் காலமானார். அவர் அத்துறையில் இருந்த காலத்திலேதான், 1852-இல், வங்கத்து இராதாநாத் சிக்தார் உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். அச்சிகரம் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. கணக்கிட்டவர் பெயரையும் கருவி பேணியவர் பெயரையும் தேடித்தான் காண வேண்டியுள்ளது.

அளவைக் கலை முஸ்லிம்களுக்குப் புதியதன்று. கலீஃபா மஃமூனின் ஆணைப்படி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சிஞ்சார் சமவெளியில் புவியின் ஒரு பாகை நீளம் அளக்கப்பட்டது. பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி, பஞ்சாபின் நந்தனாக் கோட்டைக் குன்றின்மேல் நின்று, அடிவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தை அளந்து புவியின் ஆரத்தைக் கணக்கிட்டார். ஆயினும் அந்தப் பெருமையைப் பேசுவதோடு நின்றுவிட்டால் பயனில்லை. முஹ்சின் ஹுசைனை உயர்த்தியது மரபைப் பற்றிய பேச்சன்று. அவர் கையில் இருந்த வேலை.

பள்ளி பல்கலைக்கழகமாயிற்று

எட்டுச் சிறுவர்களோடு தொடங்கிய அளவைப் பள்ளி, 1859-இல் பொறியியற் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குப் பெயர்ந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் உறுப்பாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அப்பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு மையம் தொடங்கப்பெற்றது. 1988-ஆம் ஆண்டு மார்ச் 17-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ, வானிலிருந்தே நம் வயல்களையும் ஏரிகளையும் படம்பிடித்து அனுப்பியது. இன்று ஒரு நிலவளவை ஆசிரியர் செயற்கைக்கோள் படத்தையும், ஜி.பி.எஸ். கருவியையும், கணினியில் அடுக்கடுக்காகச் சேர்த்த தகவல்களையும் கொண்டு பாடம் நடத்துகிறார். கோபுரத்தின்மேல் அரை டன் கருவியை ஏற்ற வேண்டிய காலம் போய்விட்டது. எனினும், அளந்ததை மீண்டும் அளந்து பிழையைத் தேடும் ஒழுக்கம் மாறவில்லை.

முதல் எட்டு மாணவரை எடுத்தபோது மூடியிருந்த கதவு இன்று திறந்திருக்கிறது. அதனுள்ளே நம் பிள்ளைகள் எத்தனை பேர் சென்றிருக்கிறார்கள்? மருத்துவமும் கணினியும் அல்லாத கல்வியை நம் பெற்றோர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் நிலத்தைப் பற்றிய வழக்குகள் நம் வீட்டு வாயிலிலேயே நிற்கின்றன. கண்ணடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு மடையின் மட்டம் சற்றுத் தவறினால் கடைமடை வயல் காய்கிறது. பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் முன்னோர் எழுதிவைத்த நிலங்களின் பத்திரங்களில், கிழக்கே வாய்க்கால், மேற்கே பனைமரம் என்று எல்லை கூறப்பட்டிருக்கும். வாய்க்கால் திசைமாறிப் பனைமரமும் சாய்ந்த பின், அந்த வக்ஃபு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

வக்ஃபுச் சொத்துகளை அளவெடுத்துப் பதிய வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆணையர்களை அமைத்தன. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் அளித்தது. அளப்பவர் எவராயினும், புலப்படத்தைப் படித்து, அளவைச் சரிபார்த்து, இது பிழை என்று காரணத்தோடு எடுத்துரைக்க ஊருக்கொருவராவது வேண்டும். அத்தகையவர் இல்லாத ஜமாஅத், நூறு ஏக்கர் உடையதாயினும், தன் எல்லையைப் பிறர் சொல்லிக் கேட்டே அறியும்.

ஆற்காட்டுக் கலைஞருக்குச் சிலையோ நினைவு மண்டபமோ எடுப்பது நம் வேலையன்று. அடுத்த ஆண்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளிடம், ஆண் பெண் இருபாலாரிடமும், நிலவளவை என்றொரு கல்வி உண்டு என்று சொல்வோம். அதில் சேர விரும்பும் ஏழைப் பிள்ளைக்கு ஜமாஅத்துகள் கல்வி உதவி அளிக்கட்டும். அவர் நினைவுக்கு அதைவிடத் தக்க சிறப்பு வேறில்லை.