கழிவு டயர்க் கரி

தேய்ந்து கழிந்த டயரைக் காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியில் நுண்துளைகளை உண்டாக்கிப் பெறும் ஆக்டிவேட்டட் கார்பன் இது. நீரிலும் காற்றிலும் கலந்த மாசுகளைத் தன் பரப்பில் பிடித்துவைக்கும். இதைப் பரப்புக் கவர்தல் என்பர்.

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்பதை சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். டயருக்கு உழைப்பைக் கொடுக்கும் அதே கந்தகப் பிணைப்புதான் அதைக் கழிப்பதற்கும் தடையாக நிற்கிறது. டயரை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அது மட்குவதும் இல்லை. குவித்துப் போட்டால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும்.

டயர்த் துண்டுகளை 400 முதல் 700 டிகிரி செல்சியஸில் சுட்டால் எண்ணெயும் வாயுவும் பிரிந்துபோகும். உலையைத் திறந்தால், சடைபிடித்த முடிபோலச் சுருண்ட எஃகுக் கம்பிகளுக்கிடையே கரி உதிர்ந்து கிடக்கும். டயரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இது. இதில் பெரும்பகுதி, டயரை வலுப்படுத்த முதலிலேயே சேர்த்த கார்பன் பிளாக். துளைகள் குறைவாதலால் இந்தக் கரி அப்படியே பயன்படாது. காந்தத்தால் கம்பியை நீக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவியைச் செலுத்துவர். கார்பன் நீராவியோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும்; அது விட்டுப்போன இடமே துளை. கரியை இழக்காமல் துளை கிடைக்காது. கரியில் பாதி போனால், 100 கிலோ டயருக்கு மிஞ்சுவது 17 கிலோ அளவுதான்.

கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. டயர்க் கரியில் 2 முதல் 50 நானோமீட்டர் வரையிலான துளைகள் மிகுதி. பருத்த சாய மூலக்கூறுகள் எளிதாக நுழைவதால் சாயக் கழிவுநீருக்கு இது நன்கு பொருந்தும். எஞ்சியிருக்கும் கந்தகமும் வீணல்ல, பாதரச ஆவியைப் பிடிக்க உதவுகிறது.

குறை சாம்பலில் உள்ளது. டயரில் சேர்த்த துத்தநாக ஆக்சைடு கரியிலேயே தங்கி, நீரில் கசியக்கூடும். அமிலத்தில் கழுவினால் அதில் பெரும்பகுதி நீங்கும், செலவும் ஏறும்.

டயர் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று இந்தியா 2022இல் விதி வகுத்தது. எண்ணெயை மட்டும் வடித்துக்கொண்டு கரியை வெளியில் கொட்டுவது அரைகுறை மறுசுழற்சியே. அதேபோல, கழுவிச் சோதிக்காத டயர்க் கரியைக் குடிநீர் வடிகட்டியில் இடவே கூடாது.