ஒளியால் விடுபடும் வாயு

நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி நேரும்போது மாள்பவருட் பெரும்பாலோர் தீயினாலோ பாறை வீழ்ச்சியினாலோ மாள்வதில்லை. வெடியின் பின் எஞ்சும் காற்றிற் கலந்துள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவே அவர்தம் உயிரைக் கவர்கின்றது. இவ்வுண்மையை 1896ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில் எடுத்துக்காட்டியவர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட ஏறக்குறைய 200 மடங்கு வலிமையுடன் பற்றிக்கொள்ளும். பற்றியபின் ஒட்சிசனுக்கு அங்கு இடமில்லை.

இவ்வாயு குருதியில் எத்துணை ஏறியுள்ளது என்பதை அளக்க ஹால்டேன் கையாண்ட முறை மிக எளியது. நீர் கலந்து ஐதாக்கிய இயல்பான குருதி மஞ்சட்சாயல் காட்டும்; நச்சு வாயு ஏறிய குருதி இளஞ்சிவப்பாயிருக்கும். இயல்பான குருதியுடன் கார்மைன் என்னும் செஞ்சாயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரு நிறங்களும் ஒத்துவரும்போது சேர்த்த சாயத்தின் அளவைக்கொண்டு கணக்கிடுதலே அம்முறை. இதனை அவரும் ஜேம்ஸ் லொறெய்ன் சிமித் என்பவரும் பயன்படுத்தி வந்த காலையில் ஒரு விந்தை புலப்பட்டது. காபனோரொட்சைட்டையும் ஒட்சிசனையும் கலந்து ஊட்டிய குருதிக் கரைசலைக் கடும் ஒளியில் வைத்தால் அதன் சிவப்புக் குறைந்தது. நிழலுக்குக் கொண்டுவந்தால் மீண்டும் கூடியது. அளவையைப் பிழைபடுத்தும் இடையூறாகத் தோன்றிய இச்செய்தியை அவர்கள் ஒதுக்கிவிடாது 1896இல் எழுதி வெளியிட்டனர். ஒளியானது ஈமோகுளோபினிலிருந்து காபனோரொட்சைட்டை விடுவிக்கின்றது என்பதே அதன் பொருள்.

ஈமோகுளோபினின் உள்ளே ஈம் எனப்படும் தட்டையான வளையமொன்று உண்டு. அதன் நடுவில் ஓர் இரும்பணு. வாயு மூலக்கூறு வந்து பிணைவது அவ்விரும்புடனேயாகும். ஈம் வளையம் ஒளியை உறிஞ்சும்போது இரும்புக்கும் காபனோரொட்சைட்டுக்கும் இடையேயுள்ள பிணைப்பு அறுகின்றது. ஒட்சிசனின் பிணைப்பும் ஒளியால் அறுமாயினும் அது அவ்வளவு எளிதில் நிகழ்வதில்லை. ஆகவேதான் உயிரைக் கொல்லும் வாயு ஆய்வாளருக்கு உற்ற துணையாயிற்று.

இதன் பயனை முதன்முதல் பெருமளவில் அறுவடை செய்தவர் பேர்லின் நகரின் டாலெம் பகுதியில் ஆய்வு நடத்திய ஒட்டோ வார்பேர்க். உயிர்க்கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்த உதவும் சுவாச நொதியம் எத்தகைய பொருள் என்பது அன்று தெரியாதிருந்தது. கலத்திலுள்ள அதன் அளவோ மிகச் சிறிது, பிரித்தெடுக்க இயலவில்லை. மதுவத்தின் சுவாசத்தைக் காபனோரொட்சைட்டு இருளில் தடுக்கின்றது என்பதையும், ஒளி பட்டதும் சுவாசம் மீள்கின்றது என்பதையும் வார்பேர்க் 1926இல் கண்டார். பின்பு எந்நிற ஒளி எவ்வளவு திறனுடன் அத்தடையை நீக்குகின்றது என நெகெலைனுடன் சேர்ந்து ஒவ்வொரு நிறமாக அளந்தார். அவ்வாறு பெற்ற நிறமாலை ஈமின் நிறமாலையை ஒத்திருந்தது. கையில் எடுத்துப் பார்க்க முடியாத பொருளொன்றை ஒளியினாலேயே அடையாளங் கண்ட இச்செயல், அந்நூற்றாண்டின் ஆய்வுகளுள் நுண்மையாற் சிறந்தவற்றுள் ஒன்று எனலாம். 1931ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

எனினும் அறிஞரை வாட்டிய வேறொரு வினா இருந்தது. வாயு எவ்வளவு விரைவில் இரும்பை அடைகின்றது? 1923இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹாட்றிஜும் றஃப்ரனும் இரு கரைசல்களைக் குழாய்களின் வழியே விரைந்து பாய்ச்சிக் கலக்கும் முறையை வகுத்தனர். ஆனால் எவ்வளவு விரைந்து கலந்தாலும் கலத்தற்கே ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன், அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு, செல்லும். அதனினும் விரைவாக நிகழ்வதைக் கலத்தலால் அறிய வழியில்லை. ஓட்டப்பந்தயத்தில் வெடியொலி கேட்டதும் அனைவரும் ஒருங்கே ஓடத் தொடங்குவது போல, எல்லா மூலக்கூறுகளையும் ஒரே கணத்தில் தொடக்கிவிடும் வெடியொன்று வேண்டியிருந்தது.

அவ்வெடி ஒளியே. போர்க்காலத்தில் கடற்படையில் ராடார்ப் பணியாற்றிய ஜோர்ஜ் போர்ட்டர், கேம்பிரிட்ஜில் நொறிஷ் என்பவருடன் சேர்ந்து, மின்விளக்கின் ஒரு பேரொளிப் பாய்ச்சலால் மூலக்கூறுகளை உடைத்து, அடுத்த கணம் இரண்டாவது பாய்ச்சலால் விளைவைப் படம் பிடிக்கும் முறையை 1949ஐ ஒட்டி உருவாக்கினார். 1967இல் இருவரும் ஐகன் என்பாருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். செபீல்டில் பணியாற்றிய குவென்ரின் கிப்சன் 1956இல் இம்முறையை மயோகுளோபினில் கையாண்டார். மயோகுளோபின் என்பது தசையில் ஒட்சிசனைத் தாங்கும் புரதம். ஈமோகுளோபினின் சிறிய உறவினர். பாய்ச்சலொளி வாயுவை விடுவிக்கும். புரதத்தின் நிறம் மாறும். வாயு திரும்பிப் பிணையப் பிணைய நிறமும் பழைய நிலைக்கு மீளும். அந்நிறமாற்றத்தை ஒளிமின்கலம் கணந்தோறும் பதிவு செய்யும். 1959இல் கிப்சன் ஈமோகுளோபினில் வேறொன்றையும் கண்டார். வாயுவை அப்போதுதான் இழந்த ஈமோகுளோபின், நெடுநேரம் வாயுவின்றி இருந்த ஈமோகுளோபினைவிட மிக விரைவாக வாயுவை மீண்டும் பற்றியது. வாயு போனபின்னும் புரதம் தன் வடிவத்தை உடனே மாற்றிக்கொள்வதில்லை என்னும் கருத்துக்கு இது வழிவகுத்தது. (ஐதான கரைசல்களில் ஈமோகுளோபின் இரண்டாகப் பிரிந்துவிடுதலும் இவ்விரைவுக்கு ஒரு காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.)

இதற்கிடையில் கென்றூவும் அவர் குழுவினரும் திமிங்கிலத் தசையிலிருந்து பெற்ற மயோகுளோபினின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் 1958இலும், மேலும் தெளிவாக 1960இலும் வெளிப்படுத்தினர். அவ்வமைப்பில் ஒரு புதிர் இருந்தது. இரும்பணு புரதத்தின் உட்புறத்தே புதைந்து கிடந்தது. வெளியிலிருந்து வாயு செல்லத்தக்க வழியெதுவும் படத்திற் காணப்படவில்லை. கதவும் சாளரமும் அற்ற வீட்டினுள் விருந்தினர் நாள்தோறும் புகுந்து வெளியேறுவது எங்ஙனம்? படம் பொய்யன்று. ஆயினும் அது அசைவற்ற படம்.

விடை தேடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் ஹான்ஸ் பிரவுன்பெல்டர். அவர் குழுவினர் 1975இல் வெளியிட்ட ஆய்வில் மயோகுளோபினை 40 முதல் 350 கெல்வின் வரையான வெப்பநிலைகளில் வைத்து, பாய்ச்சலொளிக்குப்பின் வாயு மீளப் பிணைவதை 2 மைக்குரோசெக்கன் தொடங்கி 1,000 செக்கன் வரை இடையறாது பதிவு செய்தனர். கடுங்குளிரில் வாயு வெளியேற முடியாது. இரும்பின் அருகிலேயே தங்கிப் பின்பு அதனுடனேயே பிணையும். எல்லா மூலக்கூறுகளும் ஒரே வார்ப்பின எனின் மீட்சி ஒரே விதிப்படி, எளிய அடுக்குக்குறி வளைகோடாக அமைதல் வேண்டும். அவ்வாறு அமையவில்லை. சில மூலக்கூறுகள் விரைந்தன. சில நெடுநேரம் தாமதித்தன. ஒரே புரதம் சிறிது சிறிது வேறுபட்ட பல வடிவங்களில் உறைந்து நிற்கின்றது என்றும், வெப்பமான நிலையில் அவ்வடிவங்களினிடையே ஓயாது மாறிக்கொண்டிருக்கின்றது என்றும் அவர்கள் முடிவு செய்தனர். புதிருக்கு விடையும் இதிலேயே அடங்கியிருந்தது. புரதம் அசைகின்றபடியால் வழிகள் கணத்துக்குக் கணம் திறந்து மூடுகின்றன.

பின்பு அசைவையே படமெடுக்கும் முயற்சி தொடங்கிற்று. 1984இல் செனன் வாயுவைச் செலுத்தி மயோகுளோபினினுள் நான்கு வெற்றிடங்கள் இருப்பதைக் கண்டனர். 1994இல் இரு குழுக்கள், குளிரூட்டிய பளிங்குகளில் ஒளியால் விடுவிக்கப்பட்ட வாயு இரும்பை விட்டுச் சற்றே விலகிக் கிடப்பதைக் காட்டின. பிரான்சின் கிரெனோபிளில் 1996இல் நனோசெக்கன் அளவிலும், 2003இல் 150 பிக்கோசெக்கன் அளவிலும் எக்ஸ் கதிர்ப் படங்கள் பெறப்பட்டன. பிக்கோசெக்கன் என்பது ஒரு செக்கனை ஒரு கோடி இலட்சம் கூறாக்கியபின் எஞ்சும் ஒரு கூறு மட்டுமே. 2015இல் கலிபோர்னியாவின் எக்ஸ் கதிர் லேசரைக் கொண்டு ஆராய்ந்தபோது, பிணைப்பு அறுந்து அரைப் பிக்கோசெக்கனுக்குள்ளேயே புரதம் முழுவதும் அசையத் தொடங்குதல் புலனாயிற்று.

அதே 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மருத்துவ ஆய்வாளர் சிலர், காபனோரொட்சைட்டு ஊட்டிய சுண்டெலிகளின் நுரையீரலின்மீது நேரே ஒளியைப் பாய்ச்சினர். நச்சு வாயு குருதியை விட்டு நீங்கும் வேகம் கூடியது. சுண்டெலியின் நுரையீரல் சிறியது. மனித நுரையீரலோ பெரியது, தசையும் என்பும் சூழ்ந்தது. பச்சை ஒளி அதனுள் ஆழ்ந்து செல்லாது. செவ்வொளி ஆழமாகச் செல்லுமாயினும் ஈம் அதனை மிகக் குறைவாகவே உறிஞ்சுகின்றது.