மீதிப் பாடம்



"வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிக்கும்" என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். தவறில்லை, ஆனால் அது பாதிப் பாடம்தான். வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே புகுந்துகொண்டால் என்ன செய்வது? அந்த மீதியை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

அது இரண்டு ஊர்களில் தொடங்குகிறது.

ஒன்று, ஸ்காட்லாந்தின் அபர்டீன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஜான் கெர், அங்கிருந்த வைலி, கரி இருவருடன் சேர்ந்து 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். அடிபட்ட செல் வீங்கி வெடிக்கும். சில செல்களோ சுருங்கி, சிறு துண்டுகளாகி, பக்கத்துச் செல்களுக்கு இரையாகி அமைதியாக மறைகின்றன. இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். எடுத்துக் கொடுத்தவர் அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மொழி ஆசிரியர்கள் பெருமைப்படலாம்!

மற்றொன்று, ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெரா. 1973-ல் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் சுண்டெலிகளின் டி செல்களை ஆராய்ந்தார்கள். அவை வைரஸ் தொற்றிய செல்களைக் கொன்றன, அதுவும் தன் இனச் சுண்டெலியின் செல்லாக இருந்தால் மட்டும். இதற்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, எப்படிக் கொல்கின்றன? 1980-களில் டி செல்லின் நுண்பைகளில் 'பெர்ஃபோரின்' என்ற புரதம் கிடைத்தது. எதிரிச் செல்லின் சவ்வில் துளை போடும் புரதம். துளை விழுந்துதான் செல் சாகிறது என்று பலர் எண்ணினார்கள். அப்படியானால் செல் வீங்கி வெடித்திருக்க வேண்டும். ஆனால் அதன் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருந்தது. அபர்டீனில் பார்த்த அதே உதிர்வு!

விடை பிறகு தெளிந்தது. பெர்ஃபோரின் வழி திறந்துவிடுகிறது. 'கிரான்சைம்' என்ற நொதிகள் உள்ளே நுழைந்து, செல்லுக்குள் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் 'காஸ்பேஸ்' நொதிகளை எழுப்பிவிடுகின்றன. உத்தரவு வெளியிலிருந்து வருகிறது, நிறைவேற்றுவது அந்தச் செல்லேதான். வெடிக்காமல் உதிர்வதால் அக்கம்பக்கத்துக்குச் சேதம் குறைவு.

1994-ல் பெர்ஃபோரின் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றால் வைரஸை ஒழிக்க முடியவில்லை. 1999-ல் இந்த மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு உயிர்கொல்லி நோய் வருவதும் தெரிந்தது. ஒரே ஒரு புரதம் குறைந்தால் இந்த நிலை.

என்னிடம் பாதிப் பாடம் படித்த மாணவச் செல்வங்களே, இதைப் பார்த்தால் மீதியை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வாத்தியார் கடன் தீரட்டும்.